மக்கள் தொடர்புப் பணிக்கு அங்கீகாரத் தேர்வு எழுதலாமா?

கேள்வி: ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் ஒன்பது ஆண்டுகளாக மக்கள் தொடர்பு அதிகாரியாக இருக்கிறேன். அதற்கு முன் செய்தியாளர். கல்லூரியில் படித்தது இதற்குச் சம்பந்தமில்லாத பாடம். சமீபத்தில் என்னைவிட அனுபவம் குறைந்த ஒருவரை எனக்கு மேலே நியமித்தார்கள். அவர் மக்கள் தொடர்புத் துறையில் தொழில்முறை அங்கீகாரம், அதாவது அக்ரெடிடேஷன், பெற்றவர் என்பதையே காரணமாகச் சொன்னார்கள். நானும் அதற்கு முயலட்டுமா என்று மேலாளரிடம் கேட்டேன். “எழுதப் பேசத் தெரிந்த யார் வேண்டுமானாலும் செய்கிற வேலைதானே, இதற்கு எதற்குப் பரீட்சை?” என்றார். உண்மையில் இதனால் பயன் உண்டா? எந்த அங்கீகாரத்தைத் தேர்ந்தெடுப்பது? இணையத்தில் இரண்டே நாளில் சான்றிதழ் தருவதாக விளம்பரங்களும் வருகின்றன. நாற்பதை நெருங்குகிற வயதில் மறுபடி பரீட்சை எழுதப் பயமாகவும் இருக்கிறது. சென்ற ஆண்டு நான் நடத்திய இரத்ததானப் பிரச்சாரத்துக்கு நிறையச் செய்திகள் வந்தன; அந்தக் கட்டிங்குகளைக் காட்டினால் போதுமா? அங்கீகாரம் கிடைத்தால் அதைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

எழுதுங்கள், தயங்க வேண்டாம். ஒன்பது ஆண்டு அனுபவத்தோடு இருக்கிற நீங்கள் இதற்குச் சரியான கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். ஆனால் எதற்காக எழுதுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர் மீதான வருத்தமும், மேலாளரின் பேச்சு தந்த வலியும், உங்கள் வேலை பற்றி உங்களுக்கே வந்துவிட்ட சந்தேகமும் கடிதத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. தனித்தனியாகப் பார்ப்போம்.

மேலாளர் சொன்னது சட்டப்படி பெரும்பாலான நாடுகளில் சரிதான். மருத்துவம் பார்க்கப் பதிவு வேண்டும், நீதிமன்றத்தில் வாதாடப் பதிவு வேண்டும். மக்கள் தொடர்பு ஆலோசகர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ள யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. விதிவிலக்கான நாடுகள் சில உண்டு. பிரேசிலில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தத் தொழிலை முறைப்படுத்தியது. அங்கே உரிய பட்டமும் பதிவும் தேவை. நைஜீரியாவில் 1990இல் வந்த ஆணை, அந்நாட்டு மக்கள் தொடர்பு நிறுவனத்துக்குத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது. அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட் பெர்னேஸ், அரசு உரிமம் இல்லாமல் யாரும் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று தம் முதுமையிலும் விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார். 1995இல் தமது 103ஆம் வயதில் காலமானார். அவர் கேட்ட சட்டம் அங்கே வரவில்லை. யார் யாருக்காகப் பேசலாம் என்று அரசு உரிமம் கொடுக்கத் தொடங்கினால் அது பேச்சுரிமையில் கை வைப்பதாகும் என்ற எதிர்வாதம் அங்கே வலுவானது. அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன்.

சட்டம் கேட்காவிட்டாலும், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டார்கள். அதுதான் அங்கீகாரம். அமெரிக்காவின் மக்கள் தொடர்புச் சங்கமான பி.ஆர்.எஸ்.ஏ. 1964இல் தொடங்கிய ஏ.பி.ஆர். என்ற அங்கீகாரம் இன்றும் பரவலாக அறியப்பட்டது. 1998 முதல் பல சங்கங்கள் சேர்ந்து அமைத்த பொது அங்கீகார வாரியம் அதை மேற்பார்வை செய்கிறது. ஆக, யார் வேண்டுமானாலும் இந்த வேலையில் சேரலாம் என்பது சரி. யார் வேண்டுமானாலும் இதைச் சரியாகச் செய்துவிடலாம் என்றால் அது சரியல்ல. மேலாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

விளம்பரங்களைப் பார்த்து நீங்கள் குழம்பியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் உறுப்பினராவது ஒன்று. சந்தா கட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். வகுப்பு முடித்ததற்கான சான்றிதழ் வேறு. நீங்கள் வந்து உட்கார்ந்து கேட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி. அங்கீகாரம் என்பது இந்தத் தொழிலில் ஏற்கெனவே இருக்கிற ஒருவரைச் சக தொழில்முறையினர் உட்காரவைத்து, கேள்வி கேட்டு, தேறினால் மட்டும் கொடுப்பது. கொடுத்த பிறகும் நிபந்தனை உண்டு. நெறிமுறைக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும், தொடர்ந்து கற்றதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், தவறினால் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். இரண்டு நாள் சான்றிதழ்களை எடைபோட எளிய வழி இருக்கிறது. இதில் தோற்றவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். பணம் கட்டியவர் எல்லோரும் தேறுகிறார்கள் என்றால் அது ரசீதுதான். மதிப்பிடுபவர்கள் யார், நெறிமுறையை மீறியவர் மீது புகார் கொடுக்க வழி இருக்கிறதா, புதுப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்பவற்றையும் விசாரியுங்கள். இந்த நான்குக்கும் நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இனி உங்கள் இரத்ததானப் பிரச்சாரத்துக்கு வருகிறேன். கடிதத்தில் இந்த ஒரு வரிதான் என்னை நிறுத்திவைத்தது. ஏனென்றால் அங்கீகாரத்தின் முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது.

கட்டிங்குகளைக் காட்டினால் போதாது. மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்து, “நல்லது, சரி, இதனால் என்ன ஆயிற்று?” என்று கேட்பார்கள். நானும் அப்படிப்பட்ட குழுக்களில் இருந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் நல்ல திறமைசாலிகள் வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வேலையை நன்றாகச் செய்திருப்பார்கள். ஏன் செய்தோம், ஏன் இப்படிச் செய்தோம், செய்ததால் என்ன மாறியது என்று மட்டும் சொல்லத் தெரியாது. அது அவர்கள் குற்றமல்ல. அலுவலகத்தில் யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதே இல்லை.

ஏ.பி.ஆர். தேர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதைச் சுற்றித்தான். ஆய்வு, திட்டமிடல், செயல்படுத்தல், மதிப்பிடல் என்று நான்கு படிகள். கேட்டால் பள்ளிப் பாடம் மாதிரி இருக்கும். உங்கள் பிரச்சாரத்தையே எடுத்து இந்த நான்கிலும் வைத்துப் பார்த்தால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று புரியும்.

முதலில் ஆய்வு. பிரச்சாரம் தொடங்குவதற்கு முன் உங்கள் இரத்த வங்கிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தீர்களா? எந்த மாதங்களில் தட்டுப்பாடு, எந்த வகை இரத்தத்துக்கு, இரத்தம் தந்தவர்களில் முதன்முறை வந்தவர்கள் எத்தனை பேர், திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர்? இதற்குப் பெரிய செலவு இல்லை. உங்கள் கட்டடத்துக்குள்ளேயே தகவல் இருக்கிறது. உரிய கரைசலில் வைத்தாலும் சிவப்பணுக்களைச் சுமார் 42 நாள்தான் சேமிக்க முடியும். தட்டணுக்களின் ஆயுள் ஐந்து முதல் ஏழு நாள். முழு இரத்தம் கொடுத்தவர் மறுபடி கொடுக்கச் சில மாதங்கள் ஆக வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தால், ஒரே நாளில் பெருங்கூட்டம் திரட்டி, பத்திரிகையில் படம் வரச் செய்வது இரத்த வங்கிக்குப் பெரிதாக உதவாமல் போயிருக்கலாம் என்பது தெரியும். அன்றைக்கு வந்து குவிந்ததில் கொஞ்சம் காலாவதியாகியிருக்கும். இரண்டு மாதம் கழித்து மறுபடி தட்டுப்பாடு. வங்கிக்கு வேண்டியது ஆண்டு முழுக்கச் சீராக வந்துகொண்டிருக்கிற கொடையாளர்கள்.

இது தெரிந்துவிட்டால் உங்கள் குறிக்கோளே மாறிவிடும். அனேகமாக உங்கள் கோப்பில் ‘இரத்ததானம் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுதியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். குழு அதைக் குறிக்கோளாக ஏற்காது. யாரிடம், எவ்வளவு மாற்றம், எந்தத் தேதிக்குள், இப்போது இருக்கிற நிலை என்ன? ‘கடந்த ஆண்டு முதன்முறை இரத்தம் கொடுத்தவர்களில் மறுபடி வருகிறவர்களின் பங்கை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் 20 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக்குவது’ என்று எழுதினால் அது குறிக்கோள். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்ணை உங்கள் பதிவேடு சொல்லும்.

குறிக்கோள் இப்படி இறுகிவிட்டால் யாரிடம் பேச வேண்டும் என்பது தானே தெரியும். பொதுமக்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரு முறை கொடுத்துவிட்டு அப்புறம் வராமல் போனவர்கள்தான் உங்கள் ஆட்கள். அவர்களிடம் பேசப் பத்திரிகைச் செய்தி எதற்கு? அவர்களுடைய கைபேசி எண் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. ஸ்வீடனில் ஒருவர் கொடுத்த இரத்தம் நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டதும் அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். உங்கள் இரத்தம் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நன்றி சொல்கிற ஒரு வரி. மக்கள் தொடர்பு என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றும். ஒரு நிருபர்கூட இல்லாமல், ஒரு பிரஸ் மீட் கூட வைக்காமல், உறவு உண்டாகிவிடுகிறது.

தேர்வில் பலரும் சறுக்குகிற இடமும் இதுதான். உத்தி எது, செயல் எது என்று பிரித்துச் சொல்லத் தடுமாறுவார்கள். ‘ஒரு முறை கொடுத்தவர்களுக்குத் தங்கள் கொடையின் பலனை நேரடியாக உணர்த்தி மறுபடி வரவைப்பது’ உத்தி. குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, ஆண்டு நிறைவு அட்டை எல்லாம் செயல்கள். ‘சமூக ஊடகத்தைப் பயன்படுத்துதல்’ என்பதை உத்தி என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள்.

கடைசியாக மதிப்பிடல். எத்தனை செய்தி வந்தது என்பது நீங்கள் வெளியிட்டதற்கான கணக்கு. அதனால் மக்கள் என்ன அறிந்தார்கள், என்ன செய்தார்கள் என்பது வேறு கணக்கு. செய்தி வந்த இடத்தின் பரப்பளவை அளந்து, அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று தொகை போட்டு நிர்வாகத்திடம் காட்டுகிற வழக்கம் இன்னும் பல அலுவலகங்களில் இருக்கிறது. உங்கள் இடத்திலும் இருக்கக்கூடும். 2010இல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள் வகுத்த கொள்கைகள், விளம்பரக் கட்டணத்தோடு ஒப்பிடுவது மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று அப்பட்டமாகச் சொல்லிவிட்டன. அதற்குப் பிறகும் அந்தத் தொகையைக் குழுவின் முன் எடுத்து வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

உங்கள் கட்டிங்குகள் வீண் என்று சொல்லவில்லை. அவற்றைப் பின்னிணைப்பில் வையுங்கள். முன்னால் வைக்க வேண்டியது, இந்த வேலையை மறுபடி செய்தால் எப்படிச் செய்வீர்கள் என்ற உங்கள் யோசனை. நடந்து முடிந்த பிரச்சாரத்தில் ஆய்வு குறைவாக இருந்தால் குறைவாக இருந்தது என்றே சொல்லிவிடுங்கள். குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் இதே தொழிலில் இருப்பவர்கள். பட்ஜெட் இல்லாமல், அவகாசம் இல்லாமல் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பூசி மெழுகுவதை மட்டும் பொறுக்க மாட்டார்கள்.

அடுத்தது நெறிமுறை. தேர்வுத் திட்டத்தில் இதன் பங்கு சிறியதாகத் தெரியலாம். வேலையில் உங்களைக் காப்பாற்றப் போவது இதுதான் என்பதால் நான் இதற்கு அதிக எடை கொடுப்பேன்.

ஒரு சூழலை யோசியுங்கள். அறுவை சிகிச்சை முடிந்த நான்கைந்து நோயாளிகளுக்கு ஒரே வார்டில் காய்ச்சல். தொற்று என்று சந்தேகம். பரிசோதனை முடிவு நாளைதான் வரும். ஒரு நிருபருக்கு எப்படியோ விஷயம் தெரிந்து உங்களை அழைக்கிறார். நிர்வாக இயக்குநர், “தொற்று எதுவும் இல்லை என்று சொல்லிவிடுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். என்ன செய்வீர்கள்?

தேர்வில் இதற்கு நான்கு விடைகள் தருவார்கள். இல்லை என்று மறுப்பது ஒன்று. அழைப்பை எடுக்காமல் இருப்பது இன்னொன்று. தெரிந்ததை எல்லாம், நோயாளிகளின் பெயர் உட்பட, சொல்லிவிடுவது மூன்றாவது. உறுதியானதை மட்டும் சொல்லி, பரிசோதனை நடக்கிறது என்று ஒப்புக்கொண்டு, முடிவு எப்போது வரும், அதுவரை என்ன முன்னெச்சரிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிவித்து, நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பது நான்காவது. தாளில் பார்த்தால் விடை எளிது. இயக்குநரின் அறையில் நிற்கும்போது அவ்வளவு எளிதாக இருக்காது. பி.ஆர்.எஸ்.ஏ. நெறிமுறை ஆறு விழுமியங்களைச் சொல்கிறது: நாம் யாருக்காகப் பேசுகிறோமோ அவருக்காகப் பொறுப்போடு வாதிடுவது, நேர்மை, நிபுணத்துவம், சார்பின்மை, விசுவாசம், நியாயம். இந்தச் சூழலில் விசுவாசமும் நேர்மையும் மோதுவது போலத் தோன்றும். நன்றாக யோசித்தால் மோதவில்லை. இல்லை என்று இன்று சொல்லி, நாளை ஆமாம் என்று சோதனை முடிவு வந்தால், அந்த மருத்துவமனையின் எந்த அறிக்கையையும் அதன் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள். இயக்குநரிடம் இதை எடுத்துச் சொல்வதே நீங்கள் அவருக்குக் காட்டுகிற விசுவாசம்.

அங்கீகாரம் பெற்றவருக்கு அங்கே கூடுதலாக ஒரு பிடி கிடைக்கிறது. “எனக்கு இது சரியாகப் படவில்லை” என்று சொல்வதற்கும், “நான் எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட தொழில் நெறி இதை அனுமதிக்காது, அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம், அறிக்கை தயாராக இருக்கிறது” என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது உங்கள் தனிப்பட்ட மனக்கசப்பாகக் கேட்கும். இரண்டாவது தொழில்முறை ஆலோசனை.

இதற்கு எல்லை இல்லாமல் இல்லை. நெறிமுறையை மீறியவரைச் சங்கம் நீக்கலாம். தொழிலிலிருந்து விலக்க அதற்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் நீக்கம் சில நேரம் பெரிய அடியாகிவிடும். 2017 செப்டம்பரில் பெல் பாட்டிங்கர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், தென்னாப்பிரிக்காவில் இனப் பகையைத் தூண்டும் விதமாகப் பிரச்சாரம் செய்ததற்காகப் பி.ஆர்.சி.ஏ. என்ற தொழில் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. வாடிக்கையாளர்கள் விலகினார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் நொடித்துப்போனது. சட்டம் அதை மூடவில்லை. அதோடு பெயர் சேர்ந்து நிற்க யாரும் தயாராக இல்லை.

எந்த அங்கீகாரம் என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எங்கே வேலை செய்யப் போகிறீர்கள், அங்கே இருக்கிற வேலை கொடுப்பவர்களுக்கு எது தெரியும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏ.பி.ஆர். பாதையில் விண்ணப்பம், அப்புறம் அங்கீகாரம் பெற்ற மூவர் கொண்ட குழுவின் முன் உங்கள் வேலையை விளக்குவது, நீங்கள் தயார் என்று அந்தக் குழு சொன்னால், தரப்பட்ட விடைகளிலிருந்து சரியானதைத் தேர்ந்தெடுக்கிற தேர்வு கணினியில். குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் இருந்தால் நல்லது என்கிறார்கள். பெற்றபின் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பிரிட்டனில் சி.ஐ.பி.ஆர். என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் 1948இல் தொடங்கி 2005இல் அரச சாசனம் பெற்றது. அதன் சாசனத் தகுதிக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. ஒரு நாள் முழுக்கச் சக தொழில்முறையினரோடும் மதிப்பீட்டாளரோடும் நெறி, உத்தி, தலைமை ஆகியவை பற்றி உரையாட வேண்டும். அதற்கு முன்னதாகத் தொடர் கல்விப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். கனடாவின் சங்கமும் ஏ.பி.ஆர். என்ற பெயரிலேயே தருகிறது. அங்கே நீங்கள் செய்த வேலையின் மாதிரி ஒன்றை ஒப்படைத்து, எழுத்து, வாய்மொழி இரண்டு தேர்வுக்கும் போக வேண்டும். வணிகத் தகவல் தொடர்பாளர்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.பி.சி. முன்பு கொடுத்து வந்த அங்கீகாரம் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் தனிக் குழு ஒன்று நடத்துகிற சான்றளிப்புத் தேர்வு வந்துவிட்டது. நிறுவனங்களுக்கு உள்ளே தகவல் தொடர்பு பார்க்கிறவர்களுக்கு அது பொருந்தும்.

பரீட்சை அறைதான் உங்கள் பயம் என்றால் உரையாடல் முறை உங்களுக்கு ஒத்துவரும். பேட்டி எடுத்துப் பழகியவர் நீங்கள். ஆனால் ஒன்று, இத்தனை காலம் நீங்கள் கேள்வி கேட்டீர்கள். அங்கே பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டுமா, வேறு நாட்டில் இருந்துகொண்டு எழுதலாமா என்பதைச் சங்கத்திடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன.

தயாரிப்பு பற்றிக் கொஞ்சம். செய்தித் துறையிலிருந்து வருகிறவர்களுக்கு எழுத்து, ஊடகத் தொடர்பு, நெருக்கடிச் சமயத்தில் பதறாமல் இருப்பது எல்லாம் கைவந்திருக்கும். அவற்றில் நேரம் செலவிடாதீர்கள். உங்களுக்குப் பலவீனமாக இருக்கக்கூடியவை இரண்டு: ஆய்வு முறைகளும் நிர்வாகமும். கருத்துக்கணிப்பில் மாதிரி எடுப்பது எப்படி, குழு விவாதத்தில் கிடைத்ததை எண்ணிக்கையாகச் சொல்லலாமா, ஏற்கெனவே இருக்கிற தகவலைப் பயன்படுத்துவதற்கும் புதிதாகத் திரட்டுவதற்கும் என்ன வேறுபாடு என்பதெல்லாம் வரும். நிர்வாகப் பகுதிக்கு உங்கள் குழுமத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, வருமானம் எங்கிருந்து வருகிறது, எதில் செலவாகிறது, எந்த அபாயங்களைப் பற்றி இயக்குநர் குழு கவலைப்படுகிறது என்று படியுங்கள். பல பி.ஆர்.ஓ.க்கள் அந்த அறிக்கையின் முன்னுரையை எழுதித் தருகிறார்கள். கணக்குப் பக்கங்களைப் புரட்டுவதில்லை.

கோட்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். தேர்வில் அதன் பங்கு குறைவு. ஜேம்ஸ் க்ருனிக்கும் டாட் ஹன்ட்டும் 1984இல் வகுத்த நான்கு மாதிரிகளை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். எப்படியாவது கவனத்தைப் பிடிப்பது, சரியான தகவலை ஒரு வழியாகத் தருவது, மக்களை ஆராய்ந்து நம் பக்கம் இழுப்பது, இரு தரப்பும் ஒன்றையொன்று கேட்டுத் தானும் மாறுவது. உங்கள் பழைய பிரச்சாரங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, இது இந்த நான்கில் எது என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

தனியாகப் படிக்காதீர்கள். உங்களைப் போலவே எழுத நினைக்கிற இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, வாரம் ஒரு முறை ஒருவர் தம் வேலையை விளக்க, மற்றவர்கள் குழுவாக உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். இன்னொரு யோசனை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு மேலே வந்திருக்கிறவரிடமே கேளுங்கள். அவர் அந்தக் குழுவின் முன் நின்றுவிட்டு வந்தவர். பதவி உயர்வுக்கு எப்போதும் பல காரணங்கள் சேர்ந்திருக்கும்; அங்கீகாரம் சொல்லிக்கொள்ள வசதியான காரணம். அதில் அவர் உங்களுக்குத் தவறு எதுவும் இழைத்துவிடவில்லை. அவருக்கு உங்கள் அனுபவம் தேவைப்படும், உங்களுக்கு அவர் கடந்து வந்த பாதை தேவைப்படுகிறது. கேட்டால் உதவுவார் என்றே நினைக்கிறேன்.

அங்கீகாரம் வந்தால் பதவி வருமா, சம்பளம் கூடுமா? உத்தரவாதம் கிடையாது. வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அதுவும் அரசு, பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை போன்ற இடங்களில், கவனிக்கப்படும். இருக்கிற இடத்திலேயே உயர்வு என்பது உங்கள் மேலாளரைப் பொறுத்தது. அதனால் அவரிடம் மறுபடி பரீட்சை என்ற பேச்சை எடுக்காதீர்கள். இந்த ஆண்டு இரத்ததானத் திட்டத்தை மேலே சொன்ன முறையில் நாலு பக்கத்தில் எழுதி அவர் மேஜையில் வையுங்கள். தட்டுப்பாடு எந்த மாதம், யாரைத் திரும்ப அழைக்கப் போகிறோம், என்ன செலவு, எப்போது பலன் தெரியும். அதைப் படித்தபின் தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தாலும் நஷ்டமில்லை, குழுவின் முன் வைப்பதற்கான ஆவணத்தில் பாதி தயாராகியிருக்கும்.

வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தேர்வு மாணவர்களுக்கானதே அல்ல. நடுவயதில் பெரிய துறைகளை நிர்வகிக்கிறவர்களும் எழுதுகிறார்கள். சிலர் முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறுகிறார்கள். தவறியதை யாரும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போவதில்லை.

பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். சான்று நடப்பில் இருக்கும் வரை விசிட்டிங் கார்டு, மின்னஞ்சல் கையெழுத்து, தன்விவரக் குறிப்பு எங்கு வேண்டுமானாலும் போடலாம். புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் அன்றே எடுத்துவிட வேண்டும். பழைய கார்டு பாக்கியிருக்கிறது என்பதெல்லாம் சாக்கு ஆகாது. விண்ணப்பித்திருக்கிறேன், தேர்வு எழுதப் போகிறேன் என்ற நிலையில் எதுவும் போடக் கூடாது.